போர் ஓயாத நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல்: நடத்துவதா, கட்டம் பிரிப்பதா, தள்ளிப்போடுவதா?

நாட்டின் ஒரு பகுதியில் சண்டை நடக்கிறது; நாடாளுமன்றத்தின் பதவிக்காலமோ முடியப்போகிறது. இந்த நிலைமையில் பேச்சு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். தேர்தலை நிறுத்தினால் ஆயுதக் குழு வென்றதாகிவிடும் என்பார்கள் ஒரு சாரார். ஓட்டுப் போடப் போகிறவர் பிணமாகத் திரும்பினால் யார் பொறுப்பு என்பார்கள் மறு சாரார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே தேதியைப் பற்றித்தான் பேசுகின்றன. ஓட்டுப் போட முடியாமல்போகும் பகுதிக்குரிய நாடாளுமன்ற இடங்களை என்ன செய்வது என்ற கேள்விதான் பின்னால் நாட்டைப் பிடித்து ஆட்டுகிறது. அதற்கான விதியை முடிவுகள் தெரிவதற்கு முன்பே எழுதிவைத்த நாடுகளுக்கும், முடிவு வந்தபின் தேடிய நாடுகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கீழே நான்கு வாய்ப்புகளை எடைபோட்டிருக்கிறோம். அதிபர் தேர்தலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே நாடு முழுவதும் ஒரே தொகுதி, ஒரே பதவி. நாடாளுமன்றத் தேர்தலில் பெரும்பாலும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி இடம் உண்டு. ஒரு மாவட்டம் விடுபட்டால் அதன் குரல் நான்கைந்து ஆண்டுகளுக்குச் சபையில் இருக்காது.

## எதை வைத்து எடைபோடுவது

உயிர். வாக்குப்பதிவு நாளை மட்டும் பார்த்தால் போதாது. வேட்புமனு, பரப்புரை, வாக்குப்பதிவு, எண்ணிக்கை, பிறகு ஊருக்குள் விரலில் மையோடு நடமாட வேண்டிய இரண்டு மூன்று வாரங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ஆபத்துக் காலம். 2014-இல் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் தாலிபான்கள் வாக்காளர்களின் மை பூசிய விரல்களை வெட்டியது வாக்களித்த பிறகுதான்.

போட்டி. சாவடியில் அமைதி இருந்தால் தேர்தல் நியாயமாக நடந்தது என்று பொருளில்லை. எதிர் வேட்பாளரே இல்லாத ஊரிலும் அமைதி இருக்கும். கொலம்பியாவில் 2002 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின் சட்டவிரோதத் துணைப்படை ஒன்றின் தலைவர் சல்வத்தோரே மன்குசோ, காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 35 சதவீதம் தங்கள் ஆட்கள் என்று சொன்னார். யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதைத் துப்பாக்கி முன்பே தீர்த்துவிட்டிருந்தது. பல உறுப்பினர்கள் பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி: எத்தனை தொகுதிகளில் குறைந்தது இரண்டு தரப்பாவது ஊருக்குள் போய்ப் பேச முடிகிறது?

இடக் கணக்கு. வாக்களிக்க முடியாத பகுதியின் இடங்கள் காலியாக இருக்குமா, குறைந்த வாக்கில் நிரப்பப்படுமா, வேறு பகுதிக்குப் போய்விடுமா? எங்கள் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட எடை அதிகமானது இதுதான்.

வாக்காளர் பட்டியல். சண்டைக்கு முந்தைய பட்டியலா, பிந்தையதா? இடம்பெயர்ந்தவர்கள் எந்த ஊர்க் கணக்கில் வருகிறார்கள்?

சட்டத் தொடர்ச்சி. பதவிக்காலம் முடிந்த சபை வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றலாமா? அவசரநிலையை யார் நீட்டிப்பது? தேர்தலைத் தள்ளிப்போட அதிகாரம் யாருக்கு?

## வாய்ப்பு 1: குறித்த நாளில், நாடு முழுவதும்

இதன் பெரிய பலம், ஆட்சியில் இருப்பவர் தனக்கு வசதியான தேதியைத் தேட முடியாது என்பதுதான். இரண்டாவது பலமும் உண்டு: ஒரே நாளில் எல்லா இடத்திலும் வாக்குப்பதிவு நடந்தால் ஆயுதக் குழுவாலும் எல்லா இடத்திலும் இருக்க முடியாது.

படைபலம்தான் முதல் சிக்கல். ஒரு சாவடிக்கு நால்வர் என்று வைத்தாலும் பத்தாயிரம் சாவடிக்கு நாற்பதாயிரம் பேர் வேண்டும். அவர்கள் வழக்கமாகக் காக்கும் பாலம், சிறை, அணை, நெடுஞ்சாலை எல்லாம் அன்று காவல் குறைந்து நிற்கும். ஆட்கள் போதாதபோது நடப்பது சாவடி இணைப்பு. மூன்று கிராமச் சாவடிகளைக் காவல் நிலையம் அருகே ஒன்றாக்குகிறார்கள். சாவடிக்கு 900 வாக்காளர் என்றால் 2,700 பேர். 60 சதவீதம் வந்தாலும் 1,620 பேர். சத்தீஸ்கரின் பஸ்தரில் நடந்ததுபோல் காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை மட்டும் வாக்குப்பதிவு என்றால் 480 நிமிடம் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நிமிடம் பிடித்தாலும் நான்கு வரிசை, நான்கு பெட்டி அல்லது இயந்திரம், நான்கு அலுவலர் குழு தேவை. ஒரே குழுவோடு நடத்தினால் மூன்றில் இரண்டு பங்கினர் திரும்பிப் போவார்கள். அதற்கு ‘மக்கள் புறக்கணித்தார்கள்’ என்று பெயர் வைப்பார்கள்.

இணைத்த சாவடிக்கு நடந்து வரும் வழியே ஆபத்தாகவும் ஆகலாம். காட்டுப்பாதையில் எட்டு கிலோமீட்டர் நடந்து வருபவரை யார் பார்க்கிறார்கள், திரும்பும்போது யார் நிறுத்துவார்கள் என்று சாவடியில் நிற்கும் படையினருக்குத் தெரியாது.

புறக்கணிப்போடு நடந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாபின் 1992 சட்டமன்றத் தேர்தல் எடுத்துக்காட்டு. சீக்கியர்களின் கட்சியான அகாலி தளத்தின் பெரும்பாலான பிரிவுகள் விலகி நின்றன. வாக்குப்பதிவு 24 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. காங்கிரஸ் 117-இல் 87 இடங்களை வென்றது. முதலமைச்சரான பியாந்த் சிங் 1995 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். ஆனாலும் அந்தச் சபை ஐந்து ஆண்டு நின்றது. இடையே உள்ளாட்சித் தேர்தல்கள் மிக உயர்ந்த வாக்குப்பதிவோடு நடந்தன. 1997 தேர்தலில் அகாலிகள் முழு வீச்சில் போட்டியிட்டு ஆட்சிக்கு வந்தார்கள். குறைந்த வாக்குப்பதிவு மட்டும் ஒரு தேர்தலைக் கெடுத்துவிடுவதில்லை. விலகி நின்றவர் அடுத்த முறை வரக் கதவு திறந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

மாறாக, சண்டையின் காரணமே வாக்காளர் பட்டியலாக இருக்கும் இடத்தில் இந்த வாய்ப்பைத் தொடக்கூடாது. அசாமில் 1983 பிப்ரவரியில் நடந்தது அது. பட்டியலில் வெளிநாட்டினர் இருக்கிறார்கள் என்பதே கிளர்ச்சியின் அடிப்படைக் குற்றச்சாட்டு. அந்தப் பிணக்கு தீராமலே தேர்தல் நடத்தப்பட்டது. பிப்ரவரி 18 அன்று நெல்லியில் நடந்த படுகொலையில் அதிகாரபூர்வக் கணக்கின்படியே 2,191 பேர் இறந்தார்கள். 1985 ஆகஸ்டில் அசாம் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பரில் புதிய தேர்தல் நடந்தது. 1983-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை.

எப்போது சரி: சண்டை சில மாவட்டங்களில் மட்டும் நடக்கிறது, பட்டியலில் பிணக்கு இல்லை, எதிர்க்கட்சிகளும் தேர்தலைக் கேட்கின்றன.

## வாய்ப்பு 2: கட்டம் கட்டமாக

அதே படையை நகர்த்தி நகர்த்திப் பயன்படுத்துவதே இதன் சூத்திரம். ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத் தேர்தல் 2002-இல் நான்கு கட்டம், 2008-இல் ஏழு, 2014-இல் ஐந்து, 2024-இல் மூன்று. நேபாளம் 1999 மே மாதத்தில் இரண்டு கட்டமாக நடத்தியது. சாவடிக்கு நால்வர் இருந்த இடத்தில் பன்னிரண்டு பேரை வைக்க முடிகிறது; அனுபவமுள்ள அலுவலர்களையே திரும்பத் திரும்ப அனுப்பலாம்; முதல் கட்டத்தில் தெரிந்த குறையை மூன்றாம் கட்டத்தில் திருத்தலாம்.

மறைந்திருக்கும் செலவு மூன்று.

முதலாவது, காவல் காக்கும் காலம். 2008-இல் ஜம்மு காஷ்மீரின் முதல் கட்ட வாக்குப்பதிவு நவம்பர் 17. எண்ணிக்கை டிசம்பர் 28. முதல் கட்ட இயந்திரங்கள் 41 நாள் பூட்டிய அறையில் இருந்தன. பூட்டில் அனைத்துக் கட்சி முகவர்களின் முத்திரை, வாசலில் முகவர்கள் தங்க இடம், கண்காணிப்புக் கேமரா, மின்தடைக்கு மாற்று ஏற்பாடு எல்லாம் அத்தனை நாளுக்கும் வேண்டும். நம்பிக்கை குறைந்த நாட்டில் அந்த அறையைச் சுற்றித்தான் வதந்தி முளைக்கும்.

இரண்டாவது, பரப்புரைக் காலம் நீள்கிறது. வேட்பாளர்கள் அதிக நாள் வெளியில் தெரிகிறார்கள். காஷ்மீரில் 2002 செப்டம்பர் 11 அன்று, முதல் கட்டத்துக்கு ஐந்து நாள் முன், மாநில சட்ட அமைச்சர் முஷ்தாக் அகமது லோன் பரப்புரைக் கூட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். வேட்பாளர் இறந்தால் அந்தத் தொகுதித் தேர்தல் ரத்து என்று சட்டம் சொன்னால், ஒரு வேட்பாளரைக் கொல்வதே தேர்தலை நிறுத்தும் வழியாகிவிடும். இந்தியாவில் 1996 திருத்தத்துக்குப் பின் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டுமே வாக்குப்பதிவு ஒத்திவைக்கப்படுகிறது. அதுவும் அக்கட்சி மாற்று வேட்பாளரை நிறுத்துவதற்காக. கட்டம் பிரிக்கும் எந்த நாடும் முதலில் சரிபார்க்க வேண்டிய விதி இது.

மூன்றாவது, படை நகர்ந்தபின் அங்கேயே இருப்பவர்கள். வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் படையை அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டால் ஊர் வெறுமையாகிவிடும். ஒரு பகுதிப் படையையாவது விரல் மை மங்கும்வரை வைத்திருக்க வேண்டும். கட்டங்களுக்கு இடையே ஒரு வாரம் என்று அட்டவணை போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எப்போது சரி: அரசுக்கு எல்லா மாவட்டத்திலும் கால் வைக்க முடிகிறது, ஆனால் ஒரே நாளில் முடியவில்லை, முடிவுகளைக் கடைசிக் கட்டம்வரை மூடி வைக்கும் நிர்வாகம் இருக்கிறது. ஆயுதக் குழு நிலையாக ஆளும் பிரதேசம் இருந்தால் எத்தனை கட்டம் போட்டாலும் அங்கே வாக்குப்பெட்டி போகாது.

## வாய்ப்பு 3: முடிந்த இடத்தில் மட்டும்

உக்ரைன் 2014 அக்டோபரில் செய்தது இது. கிரிமியா ரஷ்யாவின் கையில், கிழக்கே டொன்பாஸில் சண்டை. 450 இடங்களில் 27 காலியாகவே விடப்பட்டன. இடங்களை அழிக்கவில்லை, வேறு மாவட்டத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பெரும்பான்மையின் அடிப்படை எண். உக்ரைனில் சட்டம் நிறைவேற 226 வாக்கு வேண்டும் என்பது 450-ஐ வைத்துத்தான். 423 பேர் இருந்தாலும் 226 மாறவில்லை. அரசியலமைப்பைத் திருத்த 300 என்பதும் மாறவில்லை. காலி இடம் ஒவ்வொன்றும் ‘எதிர்’ வாக்குக்குச் சமமாகிறது. இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஜம்மு காஷ்மீரில் உண்டு. பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் இருக்கும் பகுதிக்கென 24 இடங்கள் சட்டத்திலேயே காலியாக ஒதுக்கப்பட்டு, சபையின் மொத்தக் கணக்கில் சேர்க்கப்படாமல் விடப்படுகின்றன. எதைத் தேர்ந்தாலும் சரி; வேட்புமனு தொடங்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டும். தேர்தலுக்குப் பின் ஓரிரு வாக்கில் ஆட்சி தொங்கும்போது அடிப்படை எண்ணைப் பற்றிய வழக்கு வந்தால் எந்த நீதிமன்றமும் நடுநிலையாகத் தெரியாது.

பகுதித் தேர்தலின் மிகப் பெரிய ஆசை, ‘மீதி இடங்களுக்குப் பிறகு நடத்துவோம்’ என்பது. ஆப்கானிஸ்தானில் 2018 அக்டோபர் 20 அன்று நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது, காவல்துறைத் தலைவர் கொல்லப்பட்டதால் கந்தஹாரில் மட்டும் ஒரு வாரம் தள்ளி நடத்தினார்கள். கஸ்னி மாகாணத்தில் நடக்கவே இல்லை, பின்னாலும் நடக்கவில்லை. மியான்மரில் 2020 நவம்பர் தேர்தலில் சண்டை நடந்த ரக்கைன் மாநிலத்தின் பெரும்பகுதியில் வாக்குப்பதிவு ரத்து செய்யப்பட்டது. எந்த அளவுகோலை வைத்து எந்த ஊர் நீக்கப்பட்டது என்ற விளக்கம் போதுமானதாக இல்லை. தங்கள் இனக் கட்சிகள் வெல்லக்கூடிய ஊர்களே விடுபட்டன என்று அங்குள்ளோர் குறை சொன்னார்கள். விடுபட்ட இடங்களுக்குத் தேர்தல் நடப்பதற்குள் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது.

ஆகவே பகுதித் தேர்தலுக்கு மூன்று எழுத்து ஆவணங்கள் தேவை: எந்த அளவுகோலில் ஒரு தொகுதி நீக்கப்படும் என்ற பட்டியல், நீக்கத்தை எதிர்த்து முறையிடும் இடம், மீதித் தேர்தலுக்கான கடைசித் தேதி. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு இருந்து பயனில்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2020 டிசம்பர் 27 அன்று கிளர்ச்சிக் கூட்டணியின் தாக்குதலால் வாக்களிக்க முடியாத தொகுதிகளுக்கு 2021 மார்ச் 14-இல் முதல் சுற்று நடத்தப்பட்டது. பின்னரும் சில சுற்றுகள் தேவைப்பட்டன. இருந்தாலும் நடத்திக் காட்டினார்கள்.

எப்போது சரி: கட்டுப்பாட்டுக் கோடு வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது, விடுபடும் இடங்கள் மொத்தத்தில் சிறு பங்கு, அந்தப் பகுதி மக்களில் பெருவாரியானவர்கள் வேறெங்கோ இருந்து வாக்களிக்க ஏற்பாடு உண்டு.

## இடங்களை எப்படிக் கணக்கிடுவது

மேலே சொன்ன மூன்று வாய்ப்புகளின் விளைவையும் இது தலைகீழாக்கும் என்பதால் தனியே பார்க்க வேண்டும். இரு எதிரெதிர் அனுபவங்கள் உண்டு.

ஈராக், 2005 ஜனவரி 30. நாடு முழுவதும் ஒரே தொகுதி. 275 இடங்களும் விகிதாசாரப்படி, அதாவது கட்சிகள் பெற்ற வாக்கு வீதத்துக்கு ஏற்ப. நிர்வாகத்துக்கு இது மிக எளிது: தொகுதி எல்லை வரைய வேண்டாம், ஒரே வாக்குச்சீட்டு போதும், வெளிநாட்டில் இருப்பவரும் அதே சீட்டில் வாக்களிக்கலாம். ஆனால் வாக்களிக்காத பகுதிக்கு இடமே கிடைக்காது. நாடு முழுவதும் 58 சதவீதம் வாக்களித்தபோது சுன்னிகள் வாழும் அன்பார் மாகாணத்தில் 2 சதவீதம்தான். அந்தச் சபையின் வேலை அரசியலமைப்பு எழுதுவது. 55 பேர் கொண்ட வரைவுக் குழுவில் முதலில் இருந்த சுன்னிகள் இருவர். பிறகு வெளியிலிருந்து 15 பேரைச் சேர்த்துச் சமாளித்தார்கள். அக்டோபர் வாக்கெடுப்பில் அன்பாரும் சலாஹுத்தீனும் அந்த அரசியலமைப்பை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிராகரித்தன. டிசம்பர் தேர்தலில் முறையை மாற்றி 230 இடங்களை மாகாணங்களுக்குப் பிரித்து வைத்தார்கள். சுன்னிப் பகுதிகள் திரண்டு வந்து வாக்களித்தன. வாக்குப்பதிவு குறைந்தாலும் இடம் பறிபோகாது என்ற உறுதி, போட்டியிடுவதில் அர்த்தம் இருக்கிறது என்று காட்டியது.

இலங்கை, 1994 ஆகஸ்ட் 16. இங்கே மாவட்டத்துக்கு நிலையான இடங்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 10. குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். அரசின் கையில் இருந்த தீவகப் பகுதியிலும் இடம்பெயர்ந்தோரிடையேயும் மட்டும் வாக்குப்பதிவு. ஏறக்குறைய ஆறு லட்சம் பதிவான வாக்காளர்களில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வாக்களித்தார்கள். புலிகளை எதிர்த்த தமிழ்க் கட்சியான ஈபிடிபியின் ஆதரவுச் சுயேச்சைக் குழு பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் 9 இடங்களைப் பெற்றது. மாவட்டத்தின் இடங்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் மாவட்டத்தின் பெயரால் பேச வந்தவர்களை மாவட்டம் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆப்கானிஸ்தானின் கஸ்னியில் 2010-இல் இதுவே வேறு உருவில் வந்தது. பஷ்தூன்கள் வாழும் பகுதிகளில் வாக்களிக்க முடியாத நிலை. மாகாணத்தின் 11 இடங்களையும் ஹசாராக்களே வென்றார்கள். கலந்து வாழும் மாகாணத்தில் ஒரு சமூகம் முழுதாக விடுபட்டது.

நாங்கள் எடைபோட்டதில், மாவட்ட இடங்களை நிலையாக வைத்து, குறைந்தபட்ச வாக்குப்பதிவு வரம்பு ஒன்றைச் சேர்ப்பதே நல்லது. வரம்புக்குக் கீழே போனால் அந்த இடங்கள் முழுக் காலத்துக்கு நிரப்பப்படாமல், இடைத்தேர்தல் தேதியோடு காலியாக வைக்கப்பட வேண்டும். வரம்பு உயரமாக இருந்தால் ஆயுதக் குழு மிரட்டியே எல்லாவற்றையும் காலியாக்கிவிடும். ஆகவே அது தாழ்வாகவே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் 2 சதவீதத்தைத் தடுக்கட்டும். பஞ்சாபின் 24 சதவீதத்தைத் தடுக்கக் கூடாது.

## வாய்ப்பு 4: தள்ளிப்போடுதல்

தள்ளிப்போடுவது தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அங்கோலாவும் மொசாம்பிக்கும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய நாடுகள். அங்கோலாவில் 1992 செப்டம்பர் இறுதியில், இரு தரப்புப் படைகளும் முழுதாகக் கலைக்கப்படாத நிலையில், அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தன. தோல்வியை ஏற்காத கிளர்ச்சி இயக்கமான யுனிட்டாவிடம் படை அப்படியே இருந்தது. போர் மீண்டும் தொடங்கி 2002வரை நீண்டது. அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2008-இல்தான். மொசாம்பிக்கில் 1992 அக்டோபர் ஒப்பந்தப்படி ஓராண்டில் தேர்தல் நடந்திருக்க வேண்டும். படைகலைப்பு முடியவில்லை என்று 1994 அக்டோபருக்குத் தள்ளினார்கள். 250 இடங்களில் ஆளும் பிரெலிமோ 129, முன்னாள் கிளர்ச்சி இயக்கமான ரெனாமோ 112. தோற்ற ரெனாமோ காட்டுக்குத் திரும்பாமல் சபையில் அமர்ந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், தள்ளிப்போட்ட காலத்தில் முடிக்கவேண்டிய வேலை எழுதப்பட்டிருந்ததா என்பதில் இருக்கிறது. நேபாளத்தின் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலும் 2007 ஜூன், பிறகு நவம்பர், கடைசியில் 2008 ஏப்ரல் 10 என்று இருமுறை தள்ளியது. அந்த இடைவெளியில் விகிதாசார இடங்கள் உயர்த்தப்பட்டன, தெற்குச் சமவெளி மக்களின் மாதேசிக் கட்சிகளோடு உடன்பாடு கண்டார்கள். தேர்தல் நடந்தபோது பெரிய கட்சி எதுவும் வெளியில் நிற்கவில்லை.

வேலைப் பட்டியல் இல்லாத தள்ளிவைப்பு வேறு பாதையில் போகும். லெபனானில் 1972-இல் தேர்ந்தெடுத்த சபை போர்க்காலம் முழுவதும் தன்னைத்தானே நீட்டித்துக்கொண்டு 1992வரை இருந்தது. இறந்தவர்களின் இடங்களை 1991-இல் நியமனத்தால் நிரப்பினார்கள். நேபாளத்தில் 2002 மே மாதம் சபை கலைக்கப்பட்டது. நவம்பர் தேர்தலைப் பாதுகாப்பைக் காட்டித் தள்ளிப்போடப் பிரதமர் கேட்டதும், அரசர் ஞானேந்திரா அவரை நீக்கி அதிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 2006 ஏப்ரல்வரை நாட்டுக்குச் சபையே இல்லை. மாலியில் 2018-இல் முடிந்திருக்க வேண்டிய சபை 2020வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் வடக்கிலும் நடுப்பகுதியிலும் பாதுகாப்பு அதற்குள் மேம்படவில்லை. 2020 மார்ச்சில், வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன் எதிர்க்கட்சித் தலைவர் சுமைலா சிஸ்ஸே கடத்தப்பட்டார். பிறகு அரசியலமைப்பு நீதிமன்றம் சுமார் 30 இடங்களின் முடிவை மாற்றியது; வீதிப் போராட்டம் வெடித்து ஆகஸ்டில் ராணுவப் புரட்சியில் முடிந்தது.

தள்ளிப்போடுவதிலேயே மோசமானது கடைசி நேர ஒத்திவைப்பு. பஞ்சாபில் 1991 ஜூனில் பரப்புரையின்போது இருபதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் கொல்லப்பட்டார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. தேர்தலின் ஆபத்தை முழுதாகச் சுமந்த பிறகு பலன் மட்டும் கிடைக்காமல் போனது. வேட்புமனு தொடங்கிய பின் தள்ளிப்போடுவதானால் அதற்கான அளவுகோல் முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எப்போது சரி: கையெழுத்தான போர்நிறுத்தம் இருக்கிறது, முடிக்க வேண்டிய வேலை அளந்து சொல்லக்கூடியது, கடைசித் தேதி சட்டத்தில் இருக்கிறது, நீட்டிப்புக்கு எதிர்க்கட்சியின் வாக்கும் தேவைப்படுகிறது, இடைக்காலத்தில் அரசியலமைப்பைத் திருத்தத் தடை இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | ஒரே நாளில் நாடு முழுவதும் | கட்டம் கட்டமாக | முடிந்த இடத்தில் மட்டும் | தள்ளிப்போடுதல் |
|---|---|---|---|---|
| உயிர் ஆபத்து | ஒரு நாளில் குவியும். சாவடிப் பாதுகாப்பு மெலியும் | சாவடியில் குறையும். வேட்பாளருக்கு நீளும் | குறைவு | தேர்தலால் வருவது இல்லை. சண்டையால் வருவது தொடரும் |
| போட்டி | எதிர்க்கட்சி வந்தால் உண்டு | அதே | நடக்கும் இடத்தில் மட்டும் | தள்ளிப்போகிறது |
| இடக் கணக்கு | மிகக் குறைந்த வாக்கில் இடம் போகலாம் | ஓரளவு பாதுகாப்பு | காலி இடம். பெரும்பான்மைச் சிக்கல் | பழைய கணக்கே நீடிக்கும் |
| மறைந்த செலவு | சாவடி இணைப்பு, போலி வாக்கு | பெட்டிக் காவல், நீண்ட பரப்புரை | மீதித் தேர்தல் நடக்காமலே போவது | சபையின் ஆயுள் நீண்டுகொண்டே போவது |
| தேவையான விதி | குறைந்தபட்ச வாக்கு வரம்பு | வேட்பாளர் இறப்பு விதி | அடிப்படை எண், கடைசித் தேதி | வேலைப் பட்டியல், கடைசித் தேதி |

## இடம்பெயர்ந்தவர்களின் ஓட்டு

இதற்கு மூன்று வழி உண்டு: பழைய ஊர்க் கணக்கில் வாக்களிப்பது, இப்போது இருக்கும் ஊர்க் கணக்கில் வாக்களிப்பது, தாங்கள் விரும்பும் ஊரைத் தேர்ந்துகொள்வது. மூன்றாவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். போஸ்னியாவில் 1996-இல் ‘இனி வாழப்போகும் ஊர்’ என்று சொல்லி எங்கு வேண்டுமானாலும் பதியலாம் என்ற படிவம் கொடுத்தார்கள். கட்சிகள் இடம்பெயர்ந்தோரைத் தமக்குத் தேவையான நகரங்களில் கூட்டம் கூட்டமாகப் பதியவைத்தன. முறைகேடு அளவு மீறியதால் உள்ளாட்சித் தேர்தலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளவேண்டியதாயிற்று.

பழைய ஊர்க் கணக்கே பொதுவாக நியாயமானது. இல்லாவிட்டால் விரட்டியவருக்கே தொகுதி சொந்தமாகும். 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்ட வட மாகாண முஸ்லிம்கள் புத்தளத்தில் இருந்தபடி தங்கள் பழைய மாவட்டத்துக்கு வாக்களித்தார்கள். மணிப்பூரில் 2024 மக்களவைத் தேர்தலில் நிவாரண முகாம்களிலேயே சிறப்புச் சாவடிகள் வைக்கப்பட்டன. பள்ளத்தாக்கிலிருந்து இடம்பெயர்ந்த காஷ்மீர் பண்டிதர்களுக்கும் சிறப்புச் சாவடிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ‘எம் படிவம்’ நிரப்பவேண்டிய கட்டாயம் பலரைக் களைப்படையச் செய்தது. ஜம்முவிலும் உதம்பூரிலும் இருப்பவர்களுக்கு 2024-இல்தான் அது நீக்கப்பட்டது. படிவம் ஒன்று கூடினால் வாக்காளர்கள் பலர் குறைவார்கள். முகாம் பதிவேட்டையும் வாக்காளர் பட்டியலையும் அதிகாரிகளே ஒத்துப் பார்த்துவிடலாம்.

இன்னொரு வகை, ஆயுதக் குழுவின் பகுதியில் இருப்பவர் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து வாக்களிப்பது. இலங்கையில் இதற்குக் ‘கொத்தணி வாக்களிப்பு நிலையம்’ என்று பெயர். 2001 டிசம்பர் 5 அன்று வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் ராணுவம் சோதனைச்சாவடிகளை மூடியதால் பல்லாயிரம் பேர் நிலையங்களை அடையவே முடியவில்லை; அது உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது சபை அமைந்து வெகு நாளாகியிருந்தது. கொத்தணி நிலையம் வைப்பதானால் அன்றைக்குச் சோதனைச்சாவடியின் கட்டளை தேர்தல் ஆணையத்திடம் இருக்க வேண்டும்.

நீண்ட காலத்தில் இன்னொன்றும் நடக்கும். பட்டியலைத் திருத்தும்போது ஓடிப்போனவர்களின் பெயர்கள் நீங்கும். பதிவான வாக்காளர் எண்ணிக்கையை வைத்து இடம் பிரிக்கும் நாட்டில் அந்த மாவட்டத்தின் இடங்களும் சுருங்கும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1994-இல் 10 இடம், 2010-இல் 9, 2015-இல் 7, 2024-இல் 6.

## எண்ணும் இடம்

சாவடிவாரியாக முடிவை வெளியிடுவது சமாதான காலத்தில் வெளிப்படைத்தன்மை. ஆயுதக் குழு இருக்கும் இடத்தில் அது எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று காட்டிக்கொடுக்கும் பட்டியல். இந்தியாவில் வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டல் இருக்கும் தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்தபின் எண்ணத் தேர்தல் விதி 59ஏ இடம் கொடுத்தது. இயந்திரம் வந்தபின் அந்த வசதி போய்விட்டது. பல இயந்திரங்களின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

கலப்பதற்கும் விலை உண்டு. 2010-இல் ஆப்கானிஸ்தானில் பதிவான சுமார் 56 லட்சம் வாக்குகளில் 13 லட்சம் செல்லாதவை என்று நீக்கப்பட்டன. எந்த மையத்தில் எத்தனை வாக்கு என்ற விவரம் இருந்ததால்தான் மோசடியைத் தேட முடிந்தது. இரண்டையும் காக்க ஒரு வழி: சாவடியில் பதிவான மொத்த வாக்குகளின் எண்ணிக்கையை உடனே கதவில் ஒட்டி முகவர்களிடம் நகல் கொடுப்பது, யாருக்கு எத்தனை என்பதை மட்டும் ஏழெட்டுச் சாவடிகளைச் சேர்த்து எண்ணுவது. பெட்டி நிரப்பியவர் மொத்த எண்ணிக்கையில் மாட்டிக்கொள்வார், கிராமம் தப்பும்.

## எங்கிருந்து தொடங்குவது

பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே தொகுதிவாரியாக மூன்று கேள்விக்குப் பதில் சேர்க்கத் தொடங்கலாம். இரண்டு தரப்பு பரப்புரை செய்ய முடிகிறதா? வாக்குப்பெட்டியைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர முடிகிறதா? பட்டியலில் உள்ளவர்களில் பெரும்பாலோர் அங்கேயே வாழ்கிறார்களா? பதிலைக் காவல்துறை மட்டும் தரக்கூடாது. மாவட்ட நிர்வாகமும் எல்லாக் கட்சிகளும் தனித்தனியே தர வேண்டும். பதில்கள் முரண்படும் தொகுதிகளே முதலில் நேரில் பார்க்க வேண்டியவை.

மூன்றும் பெரும்பாலான தொகுதிகளில் ‘ஆம்’ என்றால் ஒரே நாள். பெட்டி போகும், ஆனால் படை போதாது என்றால் கட்டம். ஒரு பிரதேசம் முழுவதும் ‘இல்லை’ என்றால் பகுதித் தேர்தல், கடைசித் தேதியோடு. பரப்புரைக் கேள்விக்கே பாதிக்கு மேல் ‘இல்லை’ வந்தால் தள்ளிப்போடுவதைப் பேசலாம். ஆனால் அந்த ‘இல்லை’ ஆயுதக் குழுவால் வந்ததா, அரசே எதிர்க்கட்சியைச் சிறையில் வைத்திருப்பதால் வந்ததா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான். இரண்டாவது காரணம் என்றால், சிறைக்கதவு திறக்கும்வரை எந்தத் தேதியும் தேர்தலைத் தராது. தள்ளிப்போடும் அதிகாரத்தை அதே அரசிடம் கொடுக்கவும் கூடாது.